ஐபிசி டேங்க் வாங்கும்போது விலைக்கு முன் கேட்க வேண்டியவை

தொழிற்பேட்டைகளில் காலியாகும் வெள்ளை நிற ஆயிரம் லிட்டர் ஐபிசி டேங்குகள் (திரவச் சரக்கை மொத்தமாக ஏற்றி அனுப்பும் கலன்கள்) பழைய சாமான் வியாபாரிகள் கைமாறி உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துத் தோட்டங்கள் வரை வந்துவிடுகின்றன. வாங்குபவர் முதலில் விலையைத்தான் கேட்கிறார். கேட்க வேண்டியது வேறு: இதற்குள் முன்பு என்ன இருந்தது, நான் எதை ஊற்றப் போகிறேன்?

அமைப்பு எளிது. உள்ளே எச்டிபிஇ பிளாஸ்டிக் குடுவை, வெளியே ஜிஐ பைப் கூண்டு, அடியில் மரம், பிளாஸ்டிக் அல்லது இரும்பில் செய்த பேலட் என்ற தாங்குபலகை. அடிப்பரப்பு 1200 × 1000 மி.மீ., உயரம் ஏறக்குறைய 1160 மி.மீ., காலி எடை 60 கிலோ அளவு. கரையான் அரிக்கும் மண்ணில் மரப் பேலட் வேண்டாம்.

கூண்டின் முன்பக்கத் தகட்டைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். 31எச்ஏ1 (31HA1) என்ற குறி இருந்தால், அது திரவத்துக்கான இரும்புக் கூண்டு வைத்த பிளாஸ்டிக் டேங்க். பக்கத்திலேயே தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். அபாயகரமான ரசாயனம் ஏற்றி அனுப்ப, பிளாஸ்டிக் குடுவைக்குப் பொதுவாக 5 வருடம்தான் ஆயுள். இடையில் இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை கசிவுச் சோதனை. அதே தகட்டில் அதிகபட்ச மொத்த எடையும் உண்டு. 1660 கிலோ என்று போட்டிருந்தால், டேங்க் எடை 60 போக 1600 கிலோ திரவம்தான் தாங்கும். 50 சதவீதக் காஸ்டிக் சோடா லிட்டருக்கு ஏறக்குறைய 1.5 கிலோ; ஆயிரம் லிட்டர் நிரப்பலாம். 98 சதவீதக் கந்தக அமிலம் லிட்டருக்கு 1.84 கிலோ, அதற்கு இந்த டேங்க் போதாது, அதிக எடைக்குச் சான்று பெற்றதைத்தான் கேட்க வேண்டும்.

பெட்ரோல், தின்னர், டொலுவின் இவற்றை சாதாரண ஐபிசியில் வைக்கவே கூடாது. பிளாஸ்டிக் ஊதும், ஆவி சுவர் வழியே கசியும், நிலைமின்சாரப் பொறி பட்டால் தீப்பிடிக்கும். சுங்குடிச் சாயப்பட்டறைக்கு ப்ளீச்சிங் திரவம் வாங்குபவர்கள் காற்றுப்போக்கி வைத்த மூடியாகக் கேளுங்கள். அந்தத் திரவம் வாயு விடும். இறுக மூடினால் குடுவை உப்பும்.

வால்வுக்குள் இருக்கும் ரப்பரையும் விசாரியுங்கள். இபிடிஎம் ரப்பர் காஸ்டிக்குக்கு நல்லது, எண்ணெயில் ஊதிவிடும். வேப்பெண்ணெய், புங்க எண்ணெய்க்கு வைட்டான் ரப்பர் வேண்டும். ஆனால் அது காஸ்டிக்குக்கு ஆகாது.

பழைய டேங்க் என்றால் முந்தைய சரக்கின் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். லேபிள் கிழிக்கப்பட்டிருந்தால் வாங்கவே வேண்டாம். பூச்சிமருந்தும் கரைப்பானும் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறியிருக்கும், எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. குடிநீருக்கும் மாட்டுத் தண்ணீருக்கும் புதிய, உணவுத்தரக் குடுவை மட்டும்தான். ரசாயனம் படிந்த காலி டேங்க் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயகரக் கழிவு. அதைக் கழுவிய தண்ணீரைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ விடக் கூடாது.

ஜீவாமிர்தத்துக்கு 1000 லிட்டர் டேங்கில் 800 லிட்டர் தண்ணீர் போதும். நுரைக்கும் கலக்குவதற்கும் இடம் வேண்டும். 4 ஏக்கர் கணக்கில் சாணம் 40 கிலோ, கோமியம் 40 லிட்டர், வெல்லம் 8 கிலோ, பயறு மாவு 8 கிலோ. மேல்மூடி 6 அங்குலமும் உண்டு, 9 அங்குலமும் உண்டு. 9 அங்குலமே எடுங்கள், 6 அங்குல வாயில் கலக்குவதும் கழுவுவதும் பெரும்பாடு. மூடியைத் தளர்வாக வையுங்கள். சொட்டுநீரில் விடுவதாக இருந்தால் துணியில் வடிகட்டியே ஆக வேண்டும். தரையில் வைத்த டேங்க் ஒரு மீட்டர் உயர அழுத்தம், அதாவது 0.1 பார் மட்டுமே தரும். சொட்டுவானுக்குப் பொதுவாக 1 பார் அளவு தேவை. எனவே மோட்டார் இல்லாமல் ஓடாது.

வால்வு முனையில்தான் பிளம்பர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அதன் மரை 60 மி.மீ. விட்டம், 6 மி.மீ. இடைவெளி. சாதாரண 2 அங்குலப் பைப்பின் விட்டமும் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் மரை இடைவெளி 2.3 மி.மீ. ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு முறுக்கினால் மரை வெட்டிக் கசியும். டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சமாளிக்க முடியாது. ஐபிசிக்கென விற்கும் அடாப்டரையே போடுங்கள்.

மோட்டார் வைத்து உறிஞ்சும்போது மேல்மூடி திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் குடுவை உள்வாங்கி நசுங்கும், மடிந்த இடத்தில் பிறகு கீறல் விடும்.

நிரம்பிய டேங்க் தண்ணீரோடு 1060 கிலோ. சின்ன யானை வண்டி அதைத் தாங்காது, காலியாகவே ஏற்றுங்கள். மொட்டைமாடியிலும் வேண்டாம். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரவிதி சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ சுமைதான் கணக்கிடுகிறது, இந்த டேங்க் ஏறத்தாழ 880 கிலோ தரும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் நேரடியாக வைத்தால் மழைக்குப் பின் ஒருபக்கம் இறங்கும். சமமான கான்கிரீட் மேடை போடுங்கள்.

மதுரை வெயிலில் பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்கும், வெள்ளைக் குடுவைத் தண்ணீரில் பாசியும் பிடிக்கும். கூரை போடுங்கள், அல்லது கருப்பு உறை மாட்டுங்கள்.

எடுப்பதற்கு முன் மூலைகளிலும் கூண்டு உரசும் இடங்களிலும் கீறல் தேடுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பி, வால்வுக்குக் கீழே காய்ந்த செய்தித்தாள் விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் முதலில் வால்வு ரப்பரை மாற்றிப் பாருங்கள். குடுவையிலேயே கசிந்தால் ஒட்டுப் போட்டு ஏமாறாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.