வைப்பு வட்டியில் பிடித்த 10 வீதம்: இந்த வருடப் பிரகடனமும் அடுத்த வருட மீளளிப்பும்

இலங்கையில் 2025 ஏப்ரல் 1 முதல் நிலையான வைப்பு வட்டியில் வங்கி பிடிக்கும் முற்பண வருமான வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. அன்றே தனிநபர் நிவாரணமும் (வரி இல்லாத வருமான அளவு) வருடத்துக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாகியது. ஆகவே மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவருக்கு, வட்டியில் பிடிபட்ட ஒவ்வொரு ரூபாயும் அவருடைய காசுதான். அதை எடுக்க இரண்டு வழி. வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுத்துப் பிடிக்காமல் வைக்கலாம். அல்லது பிடிக்க விட்டு, ஆண்டு முடிந்ததும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் மீளக் கேட்கலாம். முதல் வழியில் போனவருக்கு அடுத்த வருடம் மீளளிப்பு குறையும், அல்லது ஒன்றுமே வராது. அவர் காசு ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது.

முதலில் டின் (TIN) எனும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுங்கள். திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசம். தரகருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அது இல்லாமல் பிரகடனமும் இல்லை, மீளளிப்பும் இல்லை.

அடுத்தது 18 இலட்சக் கணக்கு. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை வந்த சம்பளம், கடை வாடகை, கரட், லீக்ஸ் தோட்ட இலாபம், எல்லா வங்கிகளின் வட்டி ஆகியவற்றைக் கூட்டுங்கள். ஒரு கிளையின் வட்டியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். வைப்பில் கிடக்கும் முதலைச் சேர்க்க வேண்டாம். அரச ஓய்வூதியத்துக்கு வரிவிலக்கு உண்டு. அதையும் சேர்க்க வேண்டாம்.

வட்டியை எழுதும்போது கவனம். பாஸ் புத்தகத்தில் இருப்பது வரி கழித்த தொகை. 80 இலட்சம் ரூபாயை 8 வீத வட்டிக்குப் போட்ட ஹட்டன் ஓய்வூதியர் ஒருவருக்கு மாத வட்டி 53,333 ரூபாய். 5,333 பிடிபட்டு 48,000தான் வரவில் விழும். கணக்கில் எழுத வேண்டியது 53,333. புத்தகத்தில் உள்ளதை 0.9 ஆல் வகுத்தால் சரியான தொகை வரும். இதற்கு எக்செல் வேண்டாம், ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி, முழு வட்டி, பிடித்த வரி என மூன்று கோடு போட்டால் போதும். கொப்பிதான் நல்லது: வங்கிச் சான்றிதழோடு வரிசைக்கு வரிசை ஒப்பிடலாம்.

அந்த ஓய்வூதியருக்கு வருட வட்டி 640,000. வேறு வருமானம் இல்லையென்றால் வரி பூச்சியம். ஏப்ரலிலேயே பிரகடனம் கொடுத்திருந்தால் பிடிப்பும் இல்லை, மீளளிப்பும் இல்லை. ஒக்டோபர் முதல் திகதி கொடுத்திருந்தால் அதற்கு முந்திய 6 மாதத்தில் பிடித்த 32,000 மட்டுமே மீளக் கிடைக்கும். கொடுக்கவே இல்லையென்றால் 64,000. மூன்றிலும் கடைசியில் கைக்கு வரும் காசு ஒன்றுதான். முன்பு பிடித்ததை வங்கி திருப்பித் தராது. கிளையில் வாதாடிப் பயனில்லை.

18 இலட்சத்தைத் தாண்டுபவர் பிரகடனம் கொடுக்கக் கூடாது. மாதம் 140,000 சம்பளம் வாங்கும் ஒருவரின் வருடச் சம்பளம் 1,680,000. சம்பளத்தில் வரி பிடிபடாது. ஆனால் 300,000 வட்டியும் சேர்ந்தால் 1,980,000. நிவாரணம் போக மிச்சம் 180,000. முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம் என்பதால் வரி 10,800. வங்கி பிடித்தது 30,000. மீளளிப்பு 19,200. இவர் தவறாகப் பிரகடனம் கொடுத்திருந்தால் மீளளிப்புக்குப் பதிலாக 10,800 ரூபாய் கடன், செப்டெம்பர் 30க்குள் கட்டி முடிக்க வேண்டும். பிந்தினால் வட்டியும் தண்டமும் சேரும்.

மார்ச் முடிந்ததும் ஒவ்வொரு வங்கியிடமும் பிடித்த வரிக்கான சான்றிதழ் கேளுங்கள். அதிலுள்ள இலக்கத்தையும் தொகையையும் அப்படியே வருமான வரி விபரத்திரட்டில் பதிந்து, நவம்பர் 30க்குள் ஒன்லைனில் அனுப்புங்கள். கைத்தொலைபேசியில் செய்ய வேண்டாம். அட்டவணை நிரப்ப மடிக்கணினியே வசதி. பழைய வரி பாக்கி இருந்தால் அது முதலில் கழிந்து, மிச்சமே வரும்.

பின்சேர்க்கை: "பெயர் பொருந்தவில்லை" என்று நிற்பவர்கள் நம் மலையகப் பக்கத்தில் அதிகம். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, வங்கியில் தகப்பன் பெயர் முன்னுக்குப் பின். பணம் போக வேண்டிய கணக்கின் பெயரையும் டின் பதிவின் பெயரையும் முதலில் ஒரே எழுத்தாக்குங்கள். வங்கியில் V எழுத்துள்ள பழைய அடையாள அட்டை இலக்கம் இருந்து, டின் பதிவில் 12 இலக்கப் புதியது இருந்தால் அதையும் கிளையில் மாற்றுங்கள். லயன் முகவரிக்குக் கடிதம் தோட்ட அலுவலகம் சுற்றித்தான் வரும்; ஆகவே பதிவில் நீங்களே பார்க்கும் மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். சந்தேகம் என்றால் திணைக்களத்தின் 1944க்கு அழைக்கலாம்.

இன்னொன்று: பிரகடனம் அந்தந்த வரி ஆண்டுக்கு மட்டும். ஏப்ரல் பிறந்ததும் புதிதாகக் கொடுங்கள், இல்லையென்றால் பிடிப்பு திரும்பத் தொடங்கும். முதிர்ச்சியில் மொத்தமாக வட்டி தரும் வைப்பு என்றால், அந்தப் பல வருட வட்டியும் கைக்கு வந்த ஆண்டின் கணக்கிலேயே விழும். அந்த ஆண்டுக்கு 18 இலட்சக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள்.