சீலியாக் இருக்கிறவங்க சாலட் பார்ல எப்படி சாப்பிடறது

சீலியாக்னா கோதுமை, பார்லி, ரை இதுல இருக்கிற க்ளூட்டன்ங்கற புரதம் உள்ள போனா குடலைக் கெடுக்கிற நோய். அது இருக்குன்னு டாக்டர் சொன்னதும் நிறைய பேர் நம்பிப் போய் நிக்கிற எடம் சாலட் பார்தான், அதான் வரிசையா பாத்திரத்துல வெச்சிருக்கிறதை நாமளே தட்டுல எடுத்துப் போட்டுக்கிற எடம், இலை காய் பழம் இதுல எங்கேந்து கோதுமை வரப்போகுதுன்னு தோணும். அமெரிக்காவுல ஆபீஸ் கஃபேடீரியா, காலேஜ் டைனிங் ஹால், பெரிய சூப்பர் மார்க்கெட்னு எங்க போனாலும் ஒண்ணு இருக்கும், சைவம் சாப்பிடற நம்மாளுங்க பல பேருக்கு மத்தியான சாப்பாடே அதுதான். என் பொண்ணுக்கு சீலியாக் இருக்கு, அதனால இதை அக்கறையோட சொல்றேன், அங்க காயால வர்ற பிரச்சனை கம்மி, கரண்டியால வர்றதுதான் ஜாஸ்தி.

முதல்ல தட்டை எடுக்காம பாரை ஒரு சுத்து சுத்தி வாங்க. க்ரூட்டான், அதான் அந்த மொறுமொறு பிரெட் துண்டு, எங்க வெச்சிருக்காங்கன்னு பாருங்க. கடைசில ஓரமா தனியா இருந்தா பரவால்ல. நடுவுல இருந்தா அதை எடுக்கிற ஒவ்வொருத்தர் கையும் லெட்டூஸ் மேல, சீஸ் மேல, தக்காளி மேல போய்தான் திரும்பும், வழியெல்லாம் தூள் கொட்டும். மேல இருக்கிற கண்ணாடி தும்மலுக்குத்தான், பிரெட் தூளுக்கு இல்ல. அப்புறம் எல்லா பாத்திரத்துக்கும் தனித்தனி இடுக்கி இருக்கா, இல்ல பாஸ்தாவுல இருந்த இடுக்கி வெள்ளரிக்காய்ல கெடக்கான்னு பாருங்க. ஒரு பாத்திரத்துல தூள் கண்ணுல பட்டா அது மொத்தமும் வேண்டாம், மேலாப்புல ஒதுக்கிட்டு அடியில எடுக்கிற வேலையே வேண்டாம்.

இவ்ளோ பாக்கணுமான்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. பாக்கணும். அமெரிக்காவுல உணவு, மருந்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்டிஏ 2013-ல போட்ட விதிப்படி க்ளூட்டன் ஃப்ரீன்னு லேபிள் ஒட்டணும்னா 20 பிபிஎம்-க்கு கீழ இருக்கணும், அதாவது ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் கூட வரக்கூடாது. 2007-ல வந்த ஒரு ஆராய்ச்சில தினம் வெறும் 50 மில்லிகிராம் க்ளூட்டன் 3 மாசம் உள்ள போனதுக்கே சீலியாக் இருக்கிறவங்க குடல் கெட்டிருந்துச்சு. ஒரு பிரெட் ஸ்லைஸ்லயே கிராம் கணக்குல இருக்கு, கணக்கு போட்டுக்கோங்க. சூடு பண்ணா போயிடும்னு நினைக்காதீங்க, போகாது. சானிடைசரும் க்ளூட்டனை எடுக்காது, சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவணும், எல்லாரும் தொட்ட இடுக்கியைத்தானே நாமளும் தொட்டிருக்கோம்.

அடுத்தது பேர் தெரியாம உள்ள வர்றதுங்க. நம்மாளுங்க ரொம்ப ஏமாறது ஓர்ஸோ, பாக்க அப்படியே அரிசி, ஆனா அது கோதுமை பாஸ்தா. கூஸ்கூஸும் ரவை மாதிரி இருக்கும், அதுவும் கோதுமைதான். டபூலேங்கற சாலட்ல கோதுமை ரவை, ஃபாரோவும் கோதுமை ஜாதி, சைட்டான்ங்கறது கறி மாதிரி இருக்கிற சுத்தமான க்ளூட்டன். கீன்வாங்கற குட்டி தானியம் நல்லது, ஆனா பக்கத்துல கூஸ்கூஸ் இருந்தா கரண்டி மாறியிருக்கும்னு வெச்சுக்கோங்க. டோஃபுவை, அதான் சோயா பனீரை, பெரும்பாலும் சோயா சாஸ்ல ஊற வெச்சிருப்பாங்க, சாதா சோயா சாஸ்ல கோதுமை உண்டு. மீன் சாப்பிடறவங்க அந்த சிவப்பு வெள்ளை நண்டுக் குச்சியை தொடாதீங்க, நண்டே இல்ல அது, மீனை அரைச்சு பல பிராண்ட்ல கோதுமை ஸ்டார்ச் சேத்து பண்றது. சூப்பை கெட்டியா ஆக்க மைதா போடறதும் சகஜம். சுண்டல் மாதிரி தாளிச்ச இந்தியன் ஐட்டம் இருந்தா பெருங்காயம் போட்டிருக்கான்னு கேளுங்க, கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல நிறைய மைதாதான் (வீட்டு டப்பாவையும் இன்னிக்கே திருப்பி படிச்சுடுங்க).

ட்ரெஸ்ஸிங், அதான் சாலட் மேல ஊத்திக்கிற சாஸ், அந்த விஷயத்துல நான் கறாரா இருப்பேன், அங்க இருக்கிறதை எடுக்கவே வேண்டாம். ஒரே கரண்டி நாலு ஜாடில போகும், சிலதுல சோயா சாஸ், சிலதுல பார்லில பண்ற மால்ட் வினிகர். ஒரு குட்டி பாட்டில்ல எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், உப்பு, மிளகுன்னு குலுக்கி பையில போட்டுட்டு போங்க, ருசியும் நல்லாருக்கும்.

போற நேரமும் முக்கியம், பார் தொறந்த உடனே போயிடுங்க, கூட்டம் வந்துபோன அப்புறம் போறது வீண். அங்க வேலை செய்யறவங்ககிட்ட கூச்சப்படாம பேசுங்க. நான் க்ளூட்டன் சாப்பிடறதில்லன்னு மட்டும் சொன்னா டயட்னு நினைச்சுப்பாங்க, எனக்கு சீலியாக் நோய், ஒரு துளி பட்டாலும் உடம்புக்கு கெடுதல்னு சொல்லுங்க. அப்புறம் உள்ள பிரிக்காத பாக்கெட்லேந்து லெட்டூஸும் காயும் புது கையுறை போட்டு, கழுவின கத்தில நறுக்கி ஒரு தட்டுல தர முடியுமான்னு கேளுங்க. முடியும்னு சொல்ற எடம் நிறைய இருக்கு. யோசிச்சு இழுத்தாங்கன்னா விட்டுடுங்க, அந்த பாரை விட்டு நகந்துடுங்க.

சூப்பர் மார்க்கெட்டா இருந்தா அதே கடையில கழுவி பாக்கெட் போட்ட லெட்டூஸ், உரிச்ச அவிச்ச முட்டை, ப்ளெயின் தயிர், வாழைப்பழம் எல்லாம் கிடைக்கும், லேபிள் படிச்சு வாங்கிக்கலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, அமெரிக்காவுல அலர்ஜி சட்டப்படி பாக்கெட்ல கோதுமையை கண்டிப்பா போடணும், ஆனா பார்லி அந்த லிஸ்ட்ல இல்ல, அதனால பார்லியும், பெரும்பாலும் பார்லில பண்ற மால்ட்ங்கற வார்த்தையும் இருக்கான்னு நாமதான் தேடிப் பாக்கணும்.