டோக்கியோவின் பழைய தோட்டங்களுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவுக்கு வருகிறவர்களின் திட்டத்தில் ஜப்பானியத் தோட்டம் பெரும்பாலும் இரண்டு பெரிய இடங்களுக்கு நடுவே செருகிய அரைமணி நேரமாகத்தான் இருக்கிறது. காலையில் அசகுசா கோயில், சாயங்காலம் கின்சா கடைவீதி, நடுவில் ஒரு தோட்டத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று. முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஏனென்றால், டோக்கியோவில் மிஞ்சியிருக்கும் பழைய தோட்டங்களில் முக்கியமானவை ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்துப் (1603–1868) பிரபுக்கள் சுற்றி நடந்து பார்ப்பதற்காகவே அமைத்தவை. எங்கே நின்றாலும் முழுத் தோட்டமும் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் கட்டியவர்களின் எண்ணமே. கொமகொமே பக்கத்தில் இருக்கும் ரிகுகியென் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகன் சுனயோஷியின் நம்பிக்கைக்குரிய யனாகிசவா யோஷியாசு 1695-ல் நிலம் கிடைத்து, ஏழு வருடம் உழைத்து 1702-ல் முடித்த தோட்டம் அது. பழைய வாகா கவிதைகளில் வரும் காட்சிகளை 88 இடங்களாக உள்ளே அமைத்தார். பாதை வளைகிறது, ஒரு மேடு குளத்தை மறைக்கிறது, பத்தடி போனதும் குளம் வேறொரு கோணத்தில் திறக்கிறது, மறுபடியும் மரங்கள் மூடிக்கொள்கின்றன. அரைமணி நேரத்தில் வருகிறவர் பார்ப்பது முதல் கரையிலிருந்து தெரியும் குளத்தை மட்டும்தான். ‘அழகா இருக்கு, ஆனா ஒரு குளம்தானே’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இவர்கள்தான். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை, அவர்கள் பார்த்தது அவ்வளவுதான்.

ரிகுகியென்னுக்கும் கொய்ஷிகாவா கொராகுயென்னுக்கும் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஹமாரிக்யூ கிட்டத்தட்ட 25 ஹெக்டேர், அதற்கு இரண்டு மணி நேரம் வேண்டும். நிஜமாகவே நேரமில்லை என்றால் பெரிய தோட்டத்தில் கால்வாசி பார்ப்பதைவிட, நாலு ஹெக்டேருக்கும் குறைவான கியோசுமி தோட்டத்தை முழுசாகச் சுற்றிவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

அடுத்தது, நடக்கும் விதம். இந்தத் தோட்டங்களில் தரையில் பதித்த கற்கள் வேண்டுமென்றேதான் சமமில்லாமல் இருக்கின்றன. சின்னச் சின்னக் கற்களாக இருக்கும் இடத்தில் காலைப் பார்த்துத்தான் நடக்க முடியும், வேகம் தானாகக் குறையும். அப்புறம் திடீரென்று அகலமான கல் ஒன்று வரும். அங்கே இரண்டு காலையும் ஊன்றி நின்று நிமிர்ந்து பாருங்கள், பார்ப்பதற்கு ஏதோ ஒன்று வைத்திருப்பார்கள்: ஒரு கல் விளக்கு, ஒரு பைன் மரம், தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு. போன் திரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவருக்கு இது எதுவுமே கிடைக்காது, கால் வேறு இடறும். கியோசுமியில் குளத்தின் ஓரமாகத் தண்ணீருக்குள்ளேயே பெரிய கற்களைப் போட்டு அதன்மேல் நடக்க வைத்திருக்கிறார்கள். மிட்சுபிஷியை ஆண்ட இவசாகி குடும்பம் தங்கள் கப்பல்களில் நாடு முழுவதிலிருந்தும் கற்களைக் கொண்டுவந்து அமைத்த தோட்டம் அது. அங்கே ஒவ்வொரு கல்லும் பார்க்க வேண்டிய பொருள்தான், நாம் நடப்பதும் அதன் மேல்தான். வழுக்காத, தட்டையான செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு போங்கள். குதிகால் உயர்ந்த செருப்பு சரளைக் கல்லில் உங்களையும் படுத்தும், பாதையையும் கெடுக்கும்.

சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்க முடிகிறது, குறிப்பாக ஹமாரிக்யூவில், ரயிலுக்கு நேரமிருக்கிறது என்று ஷின்பாஷியிலிருந்து நேராக வந்துவிடுவார்கள். சரளையில் அது உருளாது. ஸ்டேஷனில் காசு போட்டுப் பூட்டும் லாக்கர் இருக்கிறது, அதில் வைத்துவிட்டு வாருங்கள்.

நிறைய பேர் கவனிக்காமல் தாண்டிவிடும் ஒரு விஷயத்தை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாதை பிரியும் இடத்தில், ஒரு படிக்கல்லின் மேல், கைக்கு அடங்கும் அளவில் உருண்டையான கல் ஒன்று, கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வைத்திருக்கும். அதற்கு செகிமோரி இஷி என்று பெயர். அழகுக்காக வைத்த பொருள் என்று நினைத்து அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், குழந்தைகள் கையில் எடுத்தும் விளையாடுகிறார்கள். ஆனால் ‘இதற்கு மேல் போகாதீர்கள்’ என்பதுதான் அந்தக் கல் சொல்லும் சேதி. தேநீர் வீட்டுத் தோட்டங்களிலிருந்து வந்த வழக்கம் இது. வேலி இல்லை, பலகை இல்லை, கத்திச் சொல்ல ஆளும் இல்லை, ஒரு கல் மட்டும். பாதைக்குக் குறுக்கே படுக்க வைத்திருக்கும் ஒற்றை மூங்கில் கழியும் அதே வேலையைத்தான் செய்கிறது. யாரும் தடுக்கவில்லையே என்று உள்ளே போவது, அங்கே வேலை செய்கிறவர்கள் நம்மேல் வைத்த நம்பிக்கையை மிதிப்பதுதான்.

பாசியும் அப்படித்தான். பச்சைக் கம்பளம் மாதிரி இருக்கிறதே என்று ஒரு போட்டோவுக்காக ஓரடி உள்ளே வைக்கிறார்கள். பாசிக்கு மற்ற செடிகளைப் போல ஆழமான வேர் கிடையாது, மண்ணின் மேல்தோலாகப் படிந்திருக்கிறது. ஷூ அடியில் திரும்பினால் உரிந்து வந்துவிடும், அந்த இடம் மறுபடி மூடுவதற்கு நாள் பிடிக்கும். தோட்டக்காரர்கள் குனிந்து உட்கார்ந்து பாசிக்குள் முளைத்த களையைக் கையால் பிடுங்குவதையும், ஏணி மேல் ஏறி பைன் மரத்தின் பழைய ஊசியிலைகளைக் கையாலேயே உருவி எடுப்பதையும் நின்று பாருங்கள். இதைப் பார்த்த பிறகு யாருக்கும் கால் பாதையை விட்டு விலகாது.

இனி எதிர்பார்ப்பில் வரும் தவறுகள். வெள்ளை மணலில் கோடு கீறிய தோட்டத்தைத் தேடிக்கொண்டு ரிகுகியென் வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். அந்த வகை ஜென் கோயில்களுக்கு உரியது, கியோட்டோவின் ரியோவான்ஜி போன்ற இடங்களில் பார்க்கலாம், அங்கே திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் முறை. டோக்கியோவின் பிரபுக்கள் தோட்டம் நடந்து பார்ப்பது. இரண்டும் வேறு.

இன்னொரு குறை, கட்டடங்கள். கொராகுயென் குளத்துக்குப் பின்னால் டோக்கியோ டோம் பேஸ்பால் அரங்கத்தின் வெள்ளைக் கூரை தெரிகிறது, ஹமாரிக்யூவின் பைன் மரங்களுக்கு மேல் ஷியோதோமே வானளாவிகள் நிற்கின்றன. இதனால் காட்சியே கெட்டுவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொராகுயென் 1629-ல் தொடங்கியது. மெய்ஜி காலத்தில் (1868–1912) சுற்றிலும் ராணுவ ஆயுதத் தொழிற்சாலை வந்த பிறகும் தோட்டத்தை விட்டுவைத்தார்கள். ஹமாரிக்யூவின் குளத்தில் இன்றைக்கும் கடல்நீர்தான், டோக்கியோ வளைகுடாவின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மதகு வழியாகத் தண்ணீர் ஏறி இறங்குகிறது. 1923 நிலநடுக்கத்தின் போது தீக்குத் தப்பி கியோசுமிக்குள் ஓடி வந்த ஏராளமானோர் உயிர் பிழைத்தார்கள். இவ்வளவையும் தாங்கி நகரத்தின் நடுவிலேயே இவை நிற்கின்றன. கட்டடம் வராத கோணம் தேடி அரைமணி நேரத்தை வீணாக்காமல், கட்டடத்தோடு சேர்த்தே ஒரு படம் எடுங்கள், அதுதான் உண்மையான டோக்கியோ.

கொராகுயென்னுக்குள் ஒரு சின்ன நெல்வயல் இருக்கிறது. பூ இல்லை, பாலம் இல்லை என்று எல்லோரும் அதைத் தாண்டிப் போய், அரைவட்டக் கற்பாலம் தண்ணீரில் நிழல் விழுந்து முழு நிலவாகத் தெரியும் எங்கேட்சு பாலத்துக்கு ஓடுகிறார்கள். பாலமும் பார்க்க வேண்டியதுதான், மிங் காலத்துச் சீன அறிஞர் ஜூ ஷுன்ஷுய் வடிவமைத்ததாகச் சொல்வார்கள். ஆனால் அந்த வயலை அமைத்தவர் மித்தோவின் பிரபு தொகுகவா மிட்சுகுனி, தன் வாரிசின் மனைவிக்கு விவசாயிகளின் பாடு புரிய வேண்டும் என்பதற்காக. இன்றைக்கும் பக்கத்துப் பள்ளிக் குழந்தைகள் அதில் நடவு நட்டு அறுக்கிறார்கள். நெல் வயலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அங்கே இரண்டு நிமிடம் நிற்காமல் போக மனம் வராது.

பருவம் பற்றிய தவறு பயணச்சீட்டு வாங்கும்போதே நடந்துவிடுகிறது. சிவந்த மேப்பிள் இலையைப் பார்க்க அக்டோபரில் வருகிறார்கள். டோக்கியோவில் இலை நன்றாகச் சிவப்பது நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரைதான். ரிகுகியென்னின் புகழ்பெற்ற தொங்கும் செர்ரி மரம் ஊரெல்லாம் பூக்கும் சொமெய் யோஷினோ செர்ரிக்குச் சில நாள் முந்திக்கொள்ளும், ஏப்ரல் முதல் வாரம் வந்தால் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். அதோடு, செர்ரியும் சிவந்த இலையும் இருக்கும் வாரங்களில் கூட்டம் தாங்காது. பிப்ரவரியில் கொராகுயென்னில் ஊமே என்கிற ஜப்பானியப் பிளம் பூக்கும்போது போய்ப் பாருங்கள் என்பேன், குளிர்தான், ஆனால் பாதையில் நீங்கள் நினைத்த இடத்தில் நிற்கலாம். குளிர்காலத்தில் பைன் கிளைகள் பனியில் முறியாமலிருக்க உச்சியிலிருந்து கூம்பு வடிவில் கயிறு கட்டியிருப்பார்கள், அதுவே தனி அழகு. ஜூன் மாதம் மழை என்று ஒதுக்காதீர்கள். ஐரிஸ் பூக்கும் காலம் அது, நனைந்த கல்லும் பாசியும் காட்டும் நிறத்தை வெயில் நாளில் பார்க்கவே முடியாது. கோடையில் கொசு உண்டு, கை கால் மூடிய உடை நல்லது.

நேரமும் விடுமுறையும் இடத்துக்கு இடம் மாறும், ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்குப் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். டோக்கியோ பெருநகர அரசின் கீழ் உள்ள ரிகுகியென், கொராகுயென், ஹமாரிக்யூ, கியோசுமி எல்லாம் வழக்கமாகக் காலை 9 முதல் மாலை 5 வரை, உள்ளே விடுவது 4.30 வரைதான், டிசம்பர் 29 முதல் ஜனவரி 1 வரை மூடியிருக்கும். ஷின்ஜுகு கியோயென் திங்கள்கிழமை விடுமுறை, அரண்மனையின் கிழக்குத் தோட்டம் திங்களும் வெள்ளியும் விடுமுறை. டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும், அதனால் காலையில் போவதுதான் சரி. இலையுதிர் காலத்தில் இரவு விளக்கு அலங்காரம் நடக்கும்போது அதற்குத் தனிச்சீட்டு இருக்கலாம், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ரிகுகியென்னுக்கு கொமகொமே ஸ்டேஷன் பக்கத்திலேயே சொமெய் வாசல் இருக்கிறது, ஆனால் விசேஷ நாட்களில் மட்டும்தான் திறப்பார்கள். மற்ற நாளில் ஏழு நிமிடம் நடந்து முன்வாசலுக்குப் போக வேண்டும்.

ரிகுகியென், கொராகுயென், ஹமாரிக்யூ மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் 300 யென்தான், கியோசுமிக்கு 150. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களின் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், 65 வயதிலிருந்து கிட்டத்தட்டப் பாதிக் கட்டணம்தான். முட்டி வலி உள்ளவர்களை ரிகுகியென் மேட்டில் ஏற்றிச் சிரமப்படுத்த வேண்டாம், பெரும்பாலும் சமதளமாக இருக்கும் ஹமாரிக்யூ அவர்களுக்குத் தோதானது.

அங்கே குளத்தின் நடுவில் நகாஜிமா தேநீர் வீடு இருக்கிறது. விலையைப் பார்த்துத் தவிர்க்காதீர்கள், உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே அமைத்த இடம் அது. ஷூவைக் கழற்றிப் பாய் விரித்த தரையில் உட்கார வேண்டும், கிழியாத சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். இனிப்பை முதலில் முழுசாகச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் மாட்சா என்கிற பச்சைத் தேயிலைப் பொடித் தேநீரைக் குடிப்பதுதான் வழக்கம், மாற்றிக் குடித்தால் கசப்பு மட்டும்தான் மிஞ்சும். இனிப்பு பெரும்பாலும் பயறு விழுதும் அரிசி மாவும்தான், சைவம் சாப்பிடுகிறவர்கள் முட்டையோ ஜெலட்டினோ உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வீடியோ கால் போட்டு லவுட்ஸ்பீக்கரில் பேசுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தோட்டம் முழுவதும் தண்ணீர்ச் சத்தமும் சரளையில் கால் படும் சத்தமும் கேட்பதற்காகவே இருக்கிறது, ஒருவர் பேச்சு குளத்தின் மறுகரை வரை போகும். ட்ரைபாட், ட்ரோன், வளர்ப்பு நாய் எதையும் கொண்டுபோக வேண்டாம். குப்பைத் தொட்டி தேடினால் கிடைப்பது அரிது, ஒரு பையில் போட்டு உங்களோடே எடுத்து வந்துவிடுங்கள்.

முதல்முறை போகிறவர் எதில் தொடங்கலாம் என்றால், நிஷி கசாய் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு தொசாய் லைனில் ஏறினால் வண்டி மாறாமல் ஈதாபாஷி (Iidabashi) வந்துவிடும், அங்கிருந்து கொராகுயென் நடக்கும் தூரம்தான். வார நாளில், காலை ஒன்பது மணிக்கு வாசல் திறக்கும்போதே போய்விடுங்கள்.