கடக்காத்து அடிக்கற ஊர்ல தேங்கா முந்திரி குக்கீஸும் பலாப்பழ பாரும் பண்றது எப்படி

கடலூர், புதுச்சேரி பக்கம் இருக்கறவங்க வீட்ல குக்கீஸ், பார் (டின்ல பேக் பண்ணி சதுரமா வெட்டற இனிப்பு) இதெல்லாம் பண்ணனும்னா முதல்ல கவனிக்க வேண்டியது சக்கரையும் இல்ல மைதாவும் இல்ல, தண்ணி. பழத்துக்குள்ள இருக்க தண்ணி, தேங்காய்க்குள்ள இருக்க தண்ணி, கடக்காத்துல வந்து எல்லாத்துலயும் ஒட்டிக்கற ஈரம், இந்த மூணையும் அடக்கிட்டா மீதி எல்லாம் சுலபம். குளிர் ஊர்ல இருக்கறவங்க ரெசிபில வெண்ணெய வெளிய எடுத்து வச்சு ரூம் டெம்பரேச்சருக்கு வரட்டும்னு போட்டிருப்பாங்க. அவங்க ரூம் 20 டிகிரி, நம்ம கிச்சன் மே மாசம் மதியம் 35ஐ தாண்டும், வெண்ணெயோ 32, 33 டிகிரிலயே உருக ஆரம்பிச்சிடும், அப்ப அதே மாதிரி பண்ணா குக்கீஸ் தட்டு முழுக்க பரவி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கத்தான் செய்யும்.

பொருள் விஷயத்துல நாம கொடுத்து வச்சவங்க. பண்ருட்டி பக்கத்துலயே இருக்கு, பலாவும் முந்திரியும் ஒரே செம்மண்ணுல விளையுது, சித்திரை முடிஞ்சு ஆனி வரைக்கும் ரோட்டோரம் பலா குவிஞ்சு கிடக்கும். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல இந்த மரங்க எவ்ளோ வேரோட சாஞ்சுதுன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு தெரியும், திரும்ப நட்டு தண்ணி ஊத்தி வளத்து எடுத்திருக்காங்க, அதனால பேக்கிங்னாலே சாக்லேட் சிப்ஸ் வாங்க ஓடாம இந்தப் பழத்தையும் முந்திரியையும் ஒருவாட்டி ஓவனுக்குள்ள வச்சு பாருங்கன்னு மனசார கேக்கறேன். முந்திரி முழுசு வேணாம், துண்டு முந்திரின்னு கேளுங்க, விலை நல்லா கம்மியா இருக்கும், எப்படியும் உடைக்கத்தான போறோம். வாங்கும்போது ஒண்ணு வாயில போட்டு பாத்துடுங்க, லேசா சிக்கு வாடை இருந்தாலும் வேணாம், பேக் பண்ணா அது இன்னும் தூக்கலா தெரியும்.

முதல்ல தேங்கா முந்திரி குக்கீஸ், ஏன்னா இது சுலபம், இதுல கை பழகிட்டா பார் தைரியமா பண்ணலாம். 20 கிராம் உருண்டையா ஒரு 24 வரும். வெண்ணெய் 120 கிராம், பொடிச்ச சக்கரை 80, மைதா 150, நைஸ் ரவை 30, காஞ்ச தேங்கா துருவல் 60, துண்டு முந்திரி 50, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன் (உப்பு போட்ட வெண்ணெயா இருந்தா இத விட்டுடுங்க). கப்பு கணக்குல அளக்காதீங்க ப்ளீஸ், ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிடுங்க, மைதாவ கப்புல அமுக்கி எடுத்தா ஒரு அளவு, தூவி எடுத்தா ஒரு அளவு வரும். ரவை எதுக்குன்னு கேட்டா, புதுச்சேரில கிறிஸ்துமஸுக்கு விவிக்கம் கேக் பண்ணுவாங்கல்ல, ரவை, வெண்ணெய், முந்திரி, ரம்ல ஊறவச்ச திராட்சை எல்லாம் போட்டு, அதுல அந்த ரவை பல்லுல லேசா நறநறன்னு மாட்டும் பாருங்க அதுதான் சுகம், குக்கீஸ்லயும் அதே வேலைய செய்யும்.

தேங்காதான் இதுல முக்கியம். கடைல பாக்கெட்ல விக்கற டெசிகேட்டட் தேங்கா வாங்கினா அது ஏற்கனவே காஞ்சது, வாசனை வர்ற வரைக்கும் வெறும் வாணலில ரெண்டு நிமிஷம் வறுத்தா போதும். ஆனா வீட்ல தேங்கா இருக்கும்போது அத வாங்கணுமான்னு தோணும், நியாயம்தான், எனக்கும் புதுத் தேங்கா வாசனைதான் பிடிக்கும். அப்ப ஒண்ணு பண்ணுங்க, ஓட்டுப் பக்கம் இருக்க பழுப்பு தோல் வராம வெள்ளையா மட்டும் துருவி 120 கிராம் எடுத்துக்கங்க, அடி கனமான வாணலில சின்ன தீயில கிளறிக்கிட்டே இருங்க, பன்னெண்டு பதினஞ்சு நிமிஷத்துல ஒட்டாம உதிரி உதிரியா ஆகி ஓரத்துல லேசா பொன்னிறம் வரும். புதுத் தேங்காய்ல கிட்டத்தட்ட பாதி எடை தண்ணிதான், அதனால வறுத்து முடிச்சதும் தராசுல வச்சா 60, 65 கிராம் பக்கம் நிக்கணும், 90 காட்டுச்சுன்னா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம், திரும்ப அடுப்புல வைங்க. நல்லா ஆற வச்சுதான் மாவுல சேக்கணும், சூடா போட்டா வெண்ணெய் உருகிடும்.

வெண்ணெய ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து சின்ன துண்டா வெட்டி பத்து நிமிஷம் வைங்க, வெயில் காலத்துல அஞ்சு நிமிஷமே போதும். விரல வச்சு அமுக்கினா பள்ளம் விழணும் ஆனா விரல்ல எண்ணெய் மாதிரி ஒட்டக் கூடாது, அதுதான் பதம். கோடைல இந்த வேலைய காலைல ஆறு ஏழு மணிக்கு முடிச்சிடுறது நல்லது. வெண்ணெயும் சக்கரையும் வெளுத்து மெத்துனு ஆகற வரைக்கும் அடிச்சுட்டு மீதி எல்லாத்தையும் போட்டு கையால லேசா சேத்து பிடிங்க, சப்பாத்தி மாவு மாதிரி பிசையவே கூடாது, பிசைஞ்சா கெட்டியாயிடும். சேரலைன்னா ஒரு ஸ்பூன் பால் தெளிங்க. உருண்டை பிடிச்சு லேசா தட்டி தட்டுல வச்சு ஃப்ரிட்ஜ்ல முக்கால் மணி நேரம் வைங்க, நம்ம ஊருக்கு இந்த ஸ்டெப்ப தாண்டவே முடியாது. இன்னொண்ணு, நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்ல மீன் இல்லாத நாள் கம்மி, வெண்ணெய் பக்கத்துல இருக்க வாசனைய எல்லாம் இழுத்துக்கும், அதனால மூடி போட்ட டப்பாலதான் வைக்கணும், மேல ஒரு தட்டு கவுத்து வைக்கறதெல்லாம் பத்தாது.

ஓடிஜிய (மேசை மேல வைக்கற சின்ன கரண்ட் ஓவன்) 165 டிகிரில பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே சூடாக்கி, மேல கீழ ரெண்டு ராடும் போட்டு, நடு தட்டுல 15ல இருந்து 18 நிமிஷம். ஓரம் மட்டும் பொன்னிறமா வந்ததும் எடுத்துடுங்க, நடுவுல தொட்டா மெத்துனுதான் இருக்கும், வேகலையோன்னு பயந்து உள்ளயே விடாதீங்க, ஆற ஆற தானா இறுகும். ஓவன்ல ஒரு சின்ன தெர்மாமீட்டர் வச்சுக்கறது ரொம்ப உதவும், பல ஓடிஜில முள்ளு ஒண்ணு காட்டும் உள்ள சூடு வேறயா இருக்கும். ஓடிஜி கரண்ட் நிறைய இழுக்கும், சாதாரண வீட்டு இன்வர்ட்டர் தாங்காது, அதனால கரண்ட் போயிட்டா கதவ திறக்காம அப்படியே விடுங்க, உள்ள இருக்க சூட்டுலயே கொஞ்ச நேரம் வேகும். ஓடிஜி இல்லாதவங்க பழைய அடி கனமான குக்கர்ல கல்லுப்பு ஒரு இஞ்ச் பரப்பி, உள்ள ஒரு ஸ்டாண்ட் வச்சு, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துட்டு, தண்ணி துளி கூட இல்லாம பத்து நிமிஷம் சூடாக்கி பண்ணலாம், மேல நிறம் வராது ஆனா நல்லாவே வேகும்.

இப்ப பலாப்பழ பார். எட்டு இஞ்ச் சதுர டின்னுக்கு சொல்றேன், 16 துண்டு வரும். அடி மாவுக்கு ஒரு கணக்கு இருக்கு, சக்கரை ஒரு பங்கு, வெண்ணெய் ரெண்டு பங்கு, மைதா மூணு பங்கு, எல்லாம் எடைல. அதாவது 60, 120, 180. இத மனசுல வச்சுக்கிட்டா எந்த பாருக்கும் அடி ரெடி. குளிர்ந்த வெண்ணெய விரல் நுனியால மைதா, சக்கரையோட தேச்சு, ஈர மணல் மாதிரி வந்ததும் பட்டர் பேப்பர் போட்ட டின்ல ஒரு டம்ளர் அடியால சமமா அமுக்கி, முள்கரண்டியால குத்தி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். அப்புறம் 170 டிகிரில 18, 20 நிமிஷம் தனியா பேக் பண்ணுங்க. பச்சை மாவு மேல பழத்த கொட்டினா அடி வேகவே வேகாது, களி மாதிரி நிக்கும், தனியா வேக வச்சு ஓரம் சிவந்தாதான் பழத்தோட ஈரம் கீழ இறங்காம இருக்கும்.

பழத்துக்கு கெட்டியான சுளையா பாத்து வாங்குங்க, கொழகொழன்னு இருக்க சுளை ருசி நல்லாதான் இருக்கும் ஆனா நார் ஜாஸ்தி, தண்ணியும் ஜாஸ்தி. கொட்டை எடுத்த சுளை 400 கிராம், பாதிய பொடியா நறுக்குங்க, பாதிய மிக்ஸில அரைங்க, தண்ணி ஊத்தாம. ரெண்டையும் ஒரு டீஸ்பூன் நெய்ல போட்டு நடுத்தர தீயில கிளறுங்க. வெல்லத்த ஆரம்பத்துலயே போடாதீங்க, போட்டா அது இளகி கலவை இன்னும் நெகிழும், அடியும் சீக்கிரம் பிடிக்கும், பழம் பாதி சுண்டினப்புறம் 80 கிராம் வெல்லத்த ரெண்டு ஸ்பூன் தண்ணில கரைச்சு வடிகட்டி (மண் இருக்கும்) சேருங்க. எலுமிச்சை சாறு ஒரு டேபிள்ஸ்பூன், சுக்குப் பொடி அரை டீஸ்பூன், ஏலக்காய் ரெண்டே ரெண்டு, உப்பு ஒரு சிட்டிகை. பலா வெறும் இனிப்பு, புளிப்பே கிடையாது, எலுமிச்சை இல்லன்னா ரெண்டாவது துண்டுலயே திகட்டிடும். கரண்டியால வாணலி நடுவுல ஒரு கோடு இழுங்க, கோடு மூடாம அப்படியே நின்னா இறக்கலாம், ஓடி வந்து மூடிக்கிச்சுன்னா இன்னும் அஞ்சு நிமிஷம். மொத்தம் அரை மணி நேரம் ஆகும், இதுல அவசரப்பட்டா வெட்டும்போது வழியும்.

மேலுக்கு மைதா 50, நாட்டுச்சக்கரை 40, குளிர்ந்த வெண்ணெய் 35, துண்டு முந்திரி 50, எல்லாம் கையால உதிரியா தேச்சு வச்சுக்கங்க. அடி மேல பழத்த பரப்பி, மேல இத தூவி, 170லயே 25 நிமிஷம். முந்திரி சிவந்து வரும்போது வீட்டுக்குள்ள வர்ற வாசனைக்கு பக்கத்து வீட்ல இருந்து என்ன பண்றீங்கன்னு கேப்பாங்க. டின்லயே முழுசா ஆறி, ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம் இருந்தப்புறம்தான் கத்தி வைக்கணும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திய சுடுதண்ணில நனைச்சு துடைச்சுட்டு வெட்டினா ஓரம் நேரா வரும். பலாக்கொட்டைய தூக்கிப் போட்டுடாதீங்க, மறுநாள் கொழம்புக்கு ஆகும்.

அதே அடி, அதே மேல் தூவல் வச்சு அன்னாசியும் பண்ணலாம். துருவி பிழிஞ்சு சாற தனியா குடிச்சிடுங்க, சக்கைய சக்கரையோட சுண்ட வச்சா போதும். ஒரு எச்சரிக்கை மட்டும், பச்சை அன்னாசில புரோமலைன்னு ஒரு என்சைம் இருக்கு, அது புரதத்த உடைக்கும், பச்சையா அரைச்சு பாலோ தயிரோ சேத்தா கொஞ்ச நேரத்துல கசக்கும், ஜெலட்டின் போட்டா உறையவே உறையாது. நல்லா கொதிக்க வச்சுட்டா அந்த என்சைம் செத்துடும், அப்புறம் எதோட வேணா சேக்கலாம். ஜெலட்டினுக்கு பதிலா கடல்பாசி (அகர் அகர்) போட்டா இந்த பிரச்சனை இல்ல. மாம்பழத்துக்கு நாரில்லாத பங்கனப்பள்ளி எடுத்து, கூழ் 200 கிராம், முட்டை ரெண்டு, சக்கரை 70, மைதா ரெண்டு ஸ்பூன், எலுமிச்சை சாறு ரெண்டு ஸ்பூன் கலந்து, அடி சூடா இருக்கும்போதே மேல ஊத்தி 160ல 20 நிமிஷம், டின்ன ஆட்டினா நடுவுல மட்டும் லேசா ஆடணும். முட்டை சேக்காதவங்க கூழோட 20 கிராம் கார்ன் ஃப்ளார் கரைச்சு அடுப்புல கெட்டியாக்கி ஊத்தி குளிர வைங்க, பேக் பண்ண வேணாம். கோடைல ரோட்டோரம் முந்திரிப் பழமும் கிடைக்கும், அத இதுல போட நான் சொல்ல மாட்டேன், தொண்டைய கவ்வும், சமைச்சாலும் அது முழுசா போகாது.

வச்சு சாப்பிடறதுக்கு, குக்கீஸ் முழுசா ஆறினதும் உடனே டப்பால போட்டு இறுக்கி மூடுங்க, சூட்டோட மூடினா வேர்த்துடும், திறந்து வச்சா சாயந்திரத்துக்குள்ள நமுத்துப் போயிடும், ஐப்பசி கார்த்திகைல ஒரு மணி நேரமே ஜாஸ்தி. நமுத்தத தூக்கிப் போட வேணாம், 140 டிகிரில ஆறு ஏழு நிமிஷம் வச்சு ஆற விட்டா மறுபடி மொறுமொறுன்னு வந்துடும். பலாப்பழ பார் வெளில ஒரு நாள், ஃப்ரிட்ஜ்ல நாலஞ்சு நாள், மாம்பழ பார் ஃப்ரிட்ஜ்லயே ரெண்டு நாளைக்கு மேல வேணாம். ஊருக்கு யாருக்காவது குடுத்து அனுப்பறதா இருந்தா பார் வேணாம், பஸ் சூட்டுல இளகிடும், தேங்கா குக்கீஸ டப்பால அடுக்கி ஒவ்வொரு வரிசைக்கும் நடுவுல பட்டர் பேப்பர் வச்சு குடுங்க.