மார்கழி சீசனுக்கு முதல்முறை போகிறவர்கள் அட்டவணையைப் படிப்பது எப்படி?

சென்னையில் டிசம்பர் நடுவில் சூடுபிடித்து, சில சபாக்களில் (கச்சேரி நடத்துகிற இசை மன்றங்களில்) பொங்கல்வரை நீளுகிற சங்கீத சீசனுக்கு முதல்முறை போக நினைப்பவர், எந்தப் பாடகரைக் கேட்பது என்றுதான் யோசிக்கத் தொடங்குவார். அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கச்சேரியின் செலவை யார் ஏற்கிறார்கள்? சீட்டு வாங்குகிறவரா, சபா உறுப்பினரா, மேடைத் திரையில் பெயர் தொங்குகிற பட்டுக்கடையா, அல்லது பாடுகிறவரேதானா? இதற்கு விடை தெரிந்தவருக்கு எந்த வேளைக்குப் போவது, எங்கே உட்காருவது, கையில் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதில் பெரிய குழப்பம் இராது.

மார்கழி என்றால் திருப்பாவையும் விடியற்கால பஜனையும் என்பது பழைய கணக்கு. கச்சேரிகள் வந்து சேர்ந்தது பிற்பாடுதான். 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடும் கூடியது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி அமைந்தது. நீதிமன்றத்துக்கும் பள்ளிக்கும் விடுமுறை விழுகிற காலம் அது. மார்கழியில் கல்யாண முகூர்த்தம் கிடையாது என்பதால், வித்துவான்களுக்குக் கல்யாணக் கச்சேரிகளும் இருப்பதில்லை. கேட்பவருக்கு ஓய்வு, பாடுகிறவருக்கு ஓய்வு, போதாக்குறைக்கு நல்ல குளிர் (சென்னையின் அளவுக்கு). இப்படிப் பஞ்சாங்கமும் வரவுசெலவும் ஒத்துப்போன இடத்தில் ஒரு திருவிழா வேர்பிடித்தது. 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் இசைக்காகச் சென்னையைச் சேர்க்கும் அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது.

இனி அட்டவணைக்கு வருவோம். நாளிதழ்களிலும் சபாக்களின் இணையப் பக்கங்களிலும் நவம்பர் கடைசியிலிருந்தே நிகழ்ச்சி நிரல் கிடைக்கத் தொடங்கும். பெயர்களைப் பார்க்கும் முன் நேரத்தைப் பாருங்கள். பெரிய சபாக்களில் நண்பகல், பிற்பகல், மாலை என்று ஒரே மேடை ஒரே நாளில் மூன்று நான்கு கச்சேரிகளைத் தாங்கும். மாலை வேளை நட்சத்திரங்களுக்கு உரியது. பெரும்பாலும் சீட்டு உண்டு. அதற்கு முந்தைய வேளைகளில் பல சபாக்கள் அனுமதிக்குக் காசு வாங்குவதில்லை. காலையில் சில இடங்களில் சொற்பொழிவும் செயல்முறை விளக்கமும் நடக்கும். ஒரு ராகத்தின் வரலாற்றை அறிஞர் ஒருவர் பாடிக் காட்டிப் பேசுகிற அந்த ஒரு மணி நேரம் புதியவருக்கு மிகவும் பயன்படும், ஆனால் அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்.

மாலைக் கச்சேரிக்குச் சீட்டு வாங்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. முன்வரிசைகள் பெரும்பாலும் உறுப்பினர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் விளம்பரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் போய்விடும். சீசன் சீட்டு வாங்கியவர்கள் அடுத்த இடங்களைப் பிடிப்பார்கள். அன்றைக்கு வந்து வாங்குகிறவருக்கு எஞ்சுவது பின்வரிசையும் மாடியும். இதற்காக வருந்த வேண்டாம். மாடியின் நடுப்பகுதியில் ஒலி பல சமயம் முன்வரிசையைவிடச் சீராக இருக்கும் என்பது என் அனுபவம். அங்கே விளம்பரதாரருக்கு நன்றி சொல்லிப் பொன்னாடை போர்த்துகிற காட்சியும் அவ்வளவு நெருக்கத்தில் தெரியாது. குளிர்சாதனம் கடுமையாக இருக்கும். சால்வை ஒன்றை மறக்காதீர்கள்.

புதியவருக்கு நான் முதலில் சொல்லுவது பிற்பகல் வேளையைத்தான். ஒரு முறை இரண்டு மணிக் கச்சேரிக்குப் போனபோது அரங்கில் என்னைச் சேர்த்துப் பதினான்கு பேர். மேடையில் இருபது வயதைத் தாண்டாத ஒரு பெண். பக்கத்தில் அவளைவிடச் சிறிய வயலின்காரன். மிருதங்கக்காரரின் முழங்காலருகே ஒரு பிளாஸ்க். முதல் வரிசையில் ஒரு பாட்டி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணி ராகத்தைச் சொல்லில்லாமல் விரித்துப் பாடுகிற ஆலாபனையில் மேல் ஸ்தாயிக்குப் போன பெண் ஒரு கணம் தயங்கியபோது பாட்டியின் கை நின்றது. குரல் பிடித்துக்கொண்டதும் கை மறுபடி நகர்ந்தது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற மாலையில் இப்படி ஒன்றைப் பார்க்க முடியாது.

ஆனால் அந்தப் பிற்பகல் மேடைக்கும் ஒரு விலை உண்டு. எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு வாய்ப்புக் கேட்டுப் போனபோது, ஒரு சபாவில் பாட்டைக் கேட்பதற்கு முன் அவர்கள் அச்சிடுகிற விழா மலருக்கு விளம்பரம் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து பாடிவிட்டுப் போகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இது பெரிய தொகையாக இராது. மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவரின் மகளுக்கு அப்படியில்லை. எல்லாச் சபாவும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆயினும் மண்டப வாடகை, ஒலியமைப்பு, பக்கவாத்தியச் சன்மானம் ஆகியவற்றை இலவச அனுமதியால் ஈடுகட்ட முடியாது, யாரோ ஒருவர் கொடுத்தே ஆக வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருங்கள். பாடியவர் பிடித்திருந்தால் வெளியே வந்து பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு அவர் சீட்டுக் கச்சேரிக்கு வரும்போது காசு கொடுத்து வாங்குங்கள்.

கச்சேரியின் வரிசையைத் தெரிந்துகொண்டு போனால் அலுப்புத் தட்டாது. வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், பிறகு விரிவான ஆலாபனையோடு பிரதான உருப்படி, அதன் முடிவில் தாளக்காரர்களின் தனி ஆவர்த்தனம், நேரமிருந்தால் ராகம் தானம் பல்லவி (ஒரு ராகத்தையும் ஒற்றை வரியையும் விரித்துப் பாடுவது), பின்பு துக்கடாக்கள் என்கிற சிறு பாடல்கள், மங்களம். இந்த அமைப்பைச் செப்பம் செய்து நிலைபெறச் செய்தவர் என்று பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் (1890–1967) சொல்லுவார்கள். அரசவையிலும் ஜமீன் மாளிகையிலும் பாடியவருக்கு ஒரு புரவலரின் ரசனை போதும். சீட்டு வாங்கி வந்தமர்ந்த பலதரப்பட்டவர்களை எழுந்து போகாமல் பிடித்துவைக்க வேண்டியவருக்கு வகைவகையாகப் பரிமாற வேண்டியிருந்தது. இன்று ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்துக்குள் இவையனைத்தும் அடங்குவதற்கு, அடுத்த கச்சேரிக்கு மேடையைக் காலி செய்ய வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

சபாக்களோடு நின்றுவிடவும் வேண்டாம். மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லை என்ற மனக்குறையில் பிறந்து 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம் பாரிமுனை அருகே ராஜா அண்ணாமலை மன்றத்தில் தன் விழாவை நடத்துகிறது; பாட்டின் சொல் புரிந்து கேட்க விரும்புகிறவர் அங்கிருந்தே தொடங்கலாம். சபா வாசலைத் தாண்டாதவர்களிடம் இசை போகட்டும் என்று 2015இல் சென்னையின் மீனவக் குடியிருப்பான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா தொடங்கியதும், சாதியும் வசதியும் யாரை எந்த நாற்காலியில் உட்கார வைக்கின்றன என்ற விவாதம் பலமாக எழுந்தது. அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. ஒரு நாளாவது விடிவதற்குள் எழுந்து மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் மாடவீதிகளுக்குப் போய்ப் பாருங்கள். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் முன்னின்று பாடிச்சென்ற மார்கழி பஜனையின் தடம் அது. சீட்டும் கிடையாது, விளம்பரப் பலகையும் கிடையாது.

கடைசியாகச் சாப்பாடு. சபா கேன்டீனுக்குள் போகக் கச்சேரிச் சீட்டு பெரும்பாலும் தேவையில்லை. பாட்டே கேட்காமல் ரவா தோசைக்கும் அக்காரவடிசிலுக்கும் மட்டும் வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு, அவர்களும் சீசனைத் தாங்குகிறவர்களே. மத்தியான இலைச் சாப்பாட்டுக்கு வரிசை நீளும். பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடுவது நல்லது. மாலையில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கு காபிக்கு எழுந்து போகும். அப்போது கேன்டீனில் நிற்க இடமிராது. மிருதங்கமும் கஞ்சிராவும் மாறிமாறிக் கோர்வை (தாளக் கணக்கின் முத்தாய்ப்பு) வைக்கிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, துக்கடா முடிந்ததும் போங்கள். காபி சூடாகவே இருக்கும், வரிசையும் குறைந்திருக்கும்.