பெண் ஆமை சாப்பிடவில்லையா? முட்டையா, நோயா என்று பாருங்கள்

தொட்டியில் வளரும் ரெட் இயர்டு ஸ்லைடர் பெண் ஆமை திடீரென்று தீனியைத் தொடவில்லை என்றால், உடனே நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். முட்டையாகவும் இருக்கலாம். ஆண் துணை இல்லாமலேயே அது கருவுறாத முட்டை போடும். பலருக்கு இது தெரிவதில்லை.

முட்டை சுமக்கும் ஆமை சும்மா கிடக்காது. தொட்டிச் சுவரில் ஏறப் பார்க்கும், வெளியே விட்டால் இடம் தேடி அலையும், பின்னங்கால்களால் தரையைப் பறிக்கும். கண் தெளிவாக இருக்கும். அப்படியானால் ஓர் அகலமான டப்பில் ஓரடி ஆழத்துக்கு மணல் கலந்த ஈரமண் நிரப்பி, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வைத்து அதில் விடுங்கள். தோண்டும்போது எட்டிப் பார்க்காதீர்கள், பாதியில் விட்டுவிடும்.

நோய் என்றால் சோர்வுதான் முன்னால் நிற்கும். வீங்கி மூடிய கண், மூக்கில் குமிழ், வாய் திறந்து மூச்சு விடுவது. ஒரு பக்கம் சாய்ந்தே மிதந்தால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். துறுதுறுவென்று அலைந்த ஆமை முட்டை போடாமலே துவண்டுவிட்டால், முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள், எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். தயவுசெய்து நீங்களே அழுத்திப் பார்க்காதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.