எஸ்டெஸ் பார்க்கில் அணைந்துகொண்டே இருந்த ஃபிரிட்ஜ்

கொலராடோவின் எஸ்டெஸ் பார்க்கில் ஆர்.வி.யை (வீட்டு வசதியுள்ள பயண வண்டி) நிறுத்திய கொஞ்ச நேரத்திலேயே, கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் அதன் ஃபிரிட்ஜில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. புரொபேன் கேஸ் நிறைய இருக்கிறது, அடுப்பும் எரிகிறது. ஃபிரிட்ஜ் மட்டும் டிக் டிக்கென்று பற்றவைத்துப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனது.

வெளிப்பக்க மூடியைத் திறந்து பர்னரைப் பார்த்தேன். நீலமாக நிற்க வேண்டிய சுடர் மஞ்சளாகத் துள்ளி அணைந்தது. பக்கத்து வண்டிக்காரர், "பர்னர்ல துரு இருக்கும், துடைச்சுப் பாருங்க" என்றார். துடைத்தேன். துரு கொட்டியதுதான் மிச்சம்.

காரணம் உயரம். ஊர் 7,522 அடியில் இருக்கிறது; காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். திறந்த அடுப்பு எப்படியோ சமாளித்துவிடும், குறுகிய குழாய்க்குள் எரியும் ஃபிரிட்ஜ் சுடருக்கு ஆக்ஸிஜன் போதாது. சுமார் 5,500 அடிக்கு மேல் மின்சாரத்தில் ஓட்டச் சொல்லி இவ்வகை ஃபிரிட்ஜ் கையேடுகளில் இருக்கும் (யார் படிக்கிறார்கள்!).

மின் இணைப்புள்ள இடத்துக்கு மாறி, கேஸிலிருந்து 120 வோல்ட்டுக்குத் தள்ளினேன். காலையில் பால் சில்லென்று இருந்தது. ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் கூட்டும் ஆசை வரும். தொடாதீர்கள், அரைகுறைச் சுடர் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அடுத்து 12,183 அடி உயரம் வரை ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலைக்கு ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, உள்ளே ஐஸ் பைகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினோம்.